தோற்கத் தெரியாத அரசு: வோடஃபோன் வரி வழக்கு குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2013ஆம் ஆண்டு ஆடி மாதம் கழியட்டும் என்று தள்ளிப்போட்டு, ஆவணியில் கையெழுத்துக்கு உட்கார்ந்தோம். கோவையில் பம்ப்செட்டுகளுக்கு வார்ப்பட உதிரிபாகங்கள் செய்யும் நிறுவனம் அது. முப்பது ஆண்டுகளாக அதை வளர்த்த பெரியவர், பிள்ளைகள் வெளிநாட்டில் தங்கிவிட்டதால், ஒரு ஐரோப்பிய நிறுவனத்துக்கு விற்க முடிவு செய்திருந்தார். விலையில் பிரச்சினை இல்லை. ஒப்பந்தத்தின் ஒரே ஒரு பத்தியில்தான் வண்டி நின்றது. விலையில் 15 விழுக்காட்டை ஏழு ஆண்டுகளுக்கு வங்கியில் ஒரு எஸ்க்ரோ கணக்கில் நிறுத்திவைப்பார்கள். விற்பனைக்கு முந்தைய காலத்துக்கு ஏதாவது வரி கேட்டு அரசு வந்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். அதற்கும் அவர் சம்மதித்துவிட்டார். ஆனால் “பின்னாளில் முன்தேதியிட்டு இயற்றப்படும் எந்தச் சட்டத்தாலும் எழக்கூடிய வரி உட்பட” என்ற வரியில் அவர் விரல் நின்றுவிட்டது.

“ஏனுங்க ஆடிட்டர், இருக்கிற சட்டத்துக்கு நான் பொறுப்பு, சரி. இனிமேல் போடப்போகிற சட்டத்துக்கு இப்போதே எப்படிப் பொறுப்பாவது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. மும்பையிலிருந்து தொலைபேசியில் இருந்த வாங்குபவரின் வழக்கறிஞர் ஒரே ஒரு சொல்லில் பதில் சொன்னார்: “வோடஃபோன்.”

சட்டத்தின் ஆட்சிக்கும் ஒரு நாட்டின் பொருளாதாரத்துக்கும் என்ன உறவு என்று யாராவது கேட்டால், உலக வங்கியின் குறியீடுகளைவிட அந்தப் பத்திதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஒரு செல்பேசிக் கம்பெனிக்கும் தில்லிக்கும் நடந்த சண்டை, கோவையில் இரும்பு வார்க்கும் ஒருவரின் பணத்தை ஏழு ஆண்டுகள் முடக்கியது எப்படி என்பதைச் சொல்ல வேண்டுமானால் 2007க்குப் போக வேண்டும்.

ஒரே ஒரு பங்கு

2007 பிப்ரவரியில், ஹாங்காங்கின் ஹட்சிசன் குழுமம் இந்தியாவில் ‘ஹட்ச்’ என்ற பெயரில் நடந்துவந்த செல்பேசித் தொழிலில் தனக்கிருந்த சுமார் 67 விழுக்காட்டு உரிமையை வோடஃபோனுக்கு விற்க ஒப்பந்தம் செய்தது. விலை ஏறக்குறைய 1,110 கோடி டாலர். மே மாதம் பணம் கைமாறியது. செப்டம்பரில் ஊரெங்கும் இளஞ்சிவப்புப் பலகைகள் இறங்கிச் சிவப்புப் பலகைகள் ஏறின. விளம்பரத்தில் வந்த அந்தக் குட்டி நாய்கூட வீடு மாறியது. அதே செப்டம்பரில்தான் வருமான வரித் துறையின் நோட்டீசும் வந்தது.

விற்கப்பட்ட பொருள் எது என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. இந்தியக் கம்பெனியின் பங்குகள் அப்படியே இருந்தன. அவற்றில் ஒன்றுகூடக் கைமாறவில்லை. கைமாறியது கேமன் தீவுகளில் பதிவான சி.ஜி.பி. இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற கம்பெனியின் ஒரே ஒரு பங்கு. அந்தக் கம்பெனிக்குக் கீழே மொரீஷியஸ் கம்பெனிகள், அவற்றுக்குக் கீழே இந்தியாவில் டவர்களும் உரிமங்களும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களும். வீட்டை விற்கவில்லை, சாவிக்கொத்து மாட்டியிருந்த ஆணியைத்தான் விற்றேன் என்று சொல்வதைப் போன்ற ஏற்பாடு. விற்றவர் கேமன் தீவுகளில் பதிவானவர். வாங்கிய வோடஃபோன் பிரிவு நெதர்லாந்தில் பதிவானது. பணம் இந்தியாவைத் தொடவே இல்லை.

துறையின் பக்கம் நியாயமே இல்லை என்று சொன்னால் அது பொய். அந்த ஒற்றைப் பங்குக்கு 1,110 கோடி டாலர் மதிப்பு எங்கிருந்து வந்தது? கேமன் கடற்கரையிலிருந்து வரவில்லை. மும்பையிலும் சென்னையிலும் மாதாமாதம் பில் கட்டியவர்களிடமிருந்து வந்தது. லாபம் இந்தியாவில் விளைந்தது, அதற்கு இங்கே வரி வேண்டும் என்று கேட்பதில் பிழையில்லை. பிழை அடுத்த படியில் இருந்தது. லாபம் அடைந்த ஹட்சிசன் பணத்தோடு போய்விட்டது. துறை பிடித்தது வாங்கியவரை. ஹட்சிசனுக்குப் பணம் கொடுக்கும்போதே வரியைப் பிடித்தம் செய்து எங்களிடம் கட்டியிருக்க வேண்டும், கட்டவில்லை, ஆகவே நீதான் பாக்கிதாரர் என்றது.

வழக்கு மும்பைக்கும் தில்லிக்குமாக அலைந்தது. 2010 செப்டம்பர் 8 அன்று மும்பை உயர் நீதிமன்றம் துறையின் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் 11,218 கோடி ரூபாய் கேட்டு ஆணை வந்தது. மேல்முறையீட்டை விசாரிக்க உச்ச நீதிமன்றம் நிபந்தனை விதித்தது: 2,500 கோடி ரொக்கமாகக் கட்டு, 8,500 கோடிக்கு வங்கி உத்தரவாதம் கொடு. வோடஃபோன் இரண்டையும் செய்தது.

2012 ஜனவரி 20 அன்று தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தனியாக எழுதினாலும் முடிவு ஒன்றுதான். சட்டம் இந்தியாவிலுள்ள சொத்தை மாற்றினால் வரி என்கிறது. வெளிநாட்டுக் கம்பெனியின் பங்கு வெளிநாட்டில் கைமாறினால், அதன் வழியே இந்தியச் சொத்தும் மறைமுகமாகக் கைமாறியதாகக் கொண்டு வரி விதிக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றட்டும். கட்டிய 2,500 கோடியை 4 விழுக்காடு வட்டியோடு இரண்டு மாதத்துக்குள் திருப்பிக் கொடுங்கள்.

இந்தத் தீர்ப்பு சரிதானா என்று எங்கள் தொழிலில் இன்றும் சண்டை போடுவார்கள். என் கருத்தில், சரி என்றும் வாதிடலாம், தவறு என்றும் வாதிடலாம். ஆனால் நாட்டின் உச்ச நீதிமன்றம், சொந்த அரசுக்கு எதிராக, 11,000 கோடி ரூபாய் விவகாரத்தில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வெளிநாட்டிலிருந்து பணம் போடுகிறவனுக்கு இதைவிடப் பெரிய விளம்பரத்தை எந்த அரசாலும் காசு கொடுத்து வாங்க முடியாது. நமக்கு அது இலவசமாகக் கிடைத்தது. அதன் ஆயுள் 56 நாள்.

ஐயம் நீக்கும் பொருட்டு

மார்ச் 16 அன்று நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். எந்த வருமானம் இந்தியாவில் விளைந்ததாகக் கருதப்படும் என்று சொல்வது வருமான வரிச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. நிதி மசோதாவில் அதற்குப் புதிய விளக்கங்கள் சேர்க்கப்பட்டிருந்தன. தீர்ப்பை மறுசீராய்வு செய்யக் கோரிய அரசின் மனு அப்போது உச்ச நீதிமன்றத்திலேயே நிலுவையில் இருந்தது. நான்கு நாள் கழித்து, மார்ச் 20 அன்று, அந்த மனுவும் தள்ளுபடியானது. ஆனால் அதற்குள் அரசு வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

அந்த விளக்கங்களின் நடையைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ‘ஐயம் நீக்கும் பொருட்டு’ என்று அவை தொடங்குகின்றன. சட்டத்தில் இருக்கும் ‘வழியாக’ என்ற சொல், ‘அதன் மூலமாக’, ‘அதன் விளைவாக’, ‘அதன் காரணமாக’ என்ற பொருள்களையும் உள்ளடக்கும். அதாவது வெளிநாட்டுப் பங்கு வழியே மறைமுகமாகக் கைமாறும் இந்தியச் சொத்துக்கும் வரி உண்டு. அதோடு, எப்போதுமே உள்ளடக்கி வந்ததாகவும் கருதப்படும். எப்போதிலிருந்து? 1962 ஏப்ரல் 1 முதல். அதாவது அந்தச் சட்டம் பிறந்த நாளிலிருந்து. யாருடைய ஐயம் நீக்கப்பட்டது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. நாட்டில் ஐயத்தைத் தீர்க்கும் அதிகாரம் பெற்ற நீதிமன்றம் இரண்டு மாதம் முன்புதான் அதைத் தீர்த்திருந்தது.

பிடித்தம் பற்றிய 195ஆம் பிரிவுக்கும் இதே வைத்தியம் நடந்தது. இந்தியாவில் அலுவலகம் உண்டோ இல்லையோ, பணம் கொடுக்கும் வெளிநாட்டவரும் பிடித்தம் செய்தாக வேண்டும். அதுவும் 1962 முதல். இதன் நடைமுறைப் பொருளை என் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வரும் பையன்களிடம் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். 2007 மே மாதம் வோடஃபோன் பணம் கொடுத்தது. அன்று பிடித்தம் செய்யத் தேவையில்லை என்று 2012இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. பிறகு அதே ஆண்டில் வந்த சட்டம், அன்று பிடித்தம் செய்யாதது குற்றம் என்றது. விற்றவரிடம் வரி கேட்பதாவது அவர் அடைந்த லாபத்தில் பங்கு கேட்பது. வாங்கியவர் ஐந்து ஆண்டுகள் பின்னோக்கிப் போய்க் கொடுத்த பணத்தில் எதைப் பிடிப்பார்? தாயம் ஆடி முடித்துக் காயெல்லாம் பழமான பிறகு, இனி ஐந்து விழுந்தால்தான் ஆட்டத்தில் இறங்கலாம், முதல் ஆட்டத்திலிருந்தே அப்படித்தான் என்று வீட்டுக்காரர் சொன்னால் அடுத்த வாரம் அந்தத் திண்ணையில் யார் வந்து உட்காருவார்கள்?

இதில் அரசு எந்தச் சட்டத்தையும் மீறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நமது அரசமைப்புச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, முன்தேதியிட்டு ஒருவரைக் குற்றவாளியாக்குவதைத்தான் தடுக்கிறது, வரியைத் தடுக்கவில்லை. நீதிமன்றம் செல்லாது என்ற வரியை முன்தேதியிட்டுச் செல்லுபடியாக்கும் சட்டங்களை இந்தியச் சட்டமன்றங்கள் பல முறை இயற்றியிருக்கின்றன. தீர்ப்பின் அடிப்படையையே மாற்றி எழுதினால் அது செல்லும் என்று 1969இல் பிருத்வி காட்டன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே வழி சொல்லியிருக்கிறது. ஆக, எல்லாம் முறைப்படி நடந்தது. நாடாளுமன்றம் விவாதித்தது, வாக்களித்தது, குடியரசுத் தலைவர் மே 28 அன்று ஒப்புதல் தந்தார். சட்டப்படி ஆள்வதும் சட்டத்தின் ஆட்சியும் ஒன்றல்ல என்பதற்கு வகுப்பெடுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பயிரை மேய்ந்தது வேலிதான். ஆனால் வேலி மேயலாம் என்று முதல் நாளே தீர்மானம் போட்டுவிட்டு மேய்ந்தது.

ஒன்பது ஆண்டுகள் யாரும் தொடவில்லை

முகர்ஜி ஜூலையில் குடியரசுத் தலைவரானார். நிதியமைச்சகம் சிதம்பரத்திடம் வந்தது. வரி வல்லுநர் பார்த்தசாரதி ஷோம் தலைமையிலான குழு, இத்தகைய வரியை வருங்காலத்துக்கு மட்டும் விதிப்பதே நல்லது, முன்தேதியிட்டே ஆக வேண்டுமென்றால் வட்டியும் அபராதமும் கூடாது, பிடித்தம் செய்யாதவரைப் பாக்கிதாரராக்கவும் கூடாது என்று பரிந்துரைத்தது. அது பரிந்துரையாகவே இருந்தது. 2014 தேர்தலில் ‘வரி பயங்கரவாதம்’ என்று மேடைகளில் முழங்கிய பாரதிய ஜனதா கட்சி ஆட்சிக்கு வந்தது. புதிய நிதியமைச்சர் அருண் ஜேட்லி, புதிதாக முன்தேதியிட்ட சுமை எதையும் பொதுவாக ஏற்ற மாட்டோம் என்று அந்த ஜூலை பட்ஜெட்டில் உறுதி சொன்னார். ஏற்கெனவே நிலுவையில் இருப்பவை அதன்போக்கில் முடியட்டும் என்றும் சொன்னார். 2016இல் அசலை மட்டும் கட்டிவிட்டு வட்டியும் அபராதமும் இல்லாமல் முடித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு திட்டம் வந்தது. வோடஃபோனும் வரவில்லை, இதே வலையில் சிக்கிய மற்றொரு பெரிய நிறுவனமும் வரவில்லை.

அந்த மற்றொரு நிறுவனம்தான் கெய்ர்ன். எடின்பரோவைச் சேர்ந்த எண்ணெய் நிறுவனம். ராஜஸ்தானின் பார்மர் பாலைவனத்தில் பெரிய நிறுவனங்கள் கைவிட்ட இடத்தில் தோண்டி, 2004இல் மங்களா எண்ணெய் வயலைக் கண்டுபிடித்தவர்கள். 2009இல் பிரதமர் மன்மோகன் சிங் நேரில் போய் உற்பத்தியைத் தொடங்கி வைத்தார். அதற்கு முன், 2006இல், இந்தியப் பங்குச் சந்தையில் பட்டியலிடுவதற்காகத் தன் குழும நிறுவனங்களைக் கெய்ர்ன் மாற்றியமைத்தது. ஜெர்சித் தீவில் பதிவான ஒரு கம்பெனியின் பங்குகள் ஒரு பையிலிருந்து மற்றொரு பைக்குப் போயின. வெளிநாட்டு முதலீட்டு வாரியம் அதைப் பார்த்து அனுமதியும் கொடுத்திருந்தது.

2014 ஜனவரியில் அந்த மாற்றத்தைக் காட்டி நோட்டீஸ் வந்தது. 2012 சட்டத்தை வைத்து, 2006இல் நடந்ததற்கு, 10,247 கோடி ரூபாய் வரி என்று 2015இல் கணக்கும் வந்தது. வோடஃபோனாவது பணம் கட்டாமல் வழக்காடிக்கொண்டிருந்தது. கெய்ர்னுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ‘கெய்ர்ன் இந்தியா’ என்ற இந்தியக் கம்பெனியில் அதற்கு மீதமிருந்த ஏறக்குறைய 10 விழுக்காட்டுப் பங்குகளைத் துறை முடக்கியது. பங்குகளுக்கு வந்த டிவிடெண்டை எடுத்துக்கொண்டது. வேறொரு கணக்கில் திருப்பித் தர வேண்டியிருந்த வரியை இதில் வரவு வைத்தது. 2018இல் பங்குகளையே சந்தையில் விற்றுவிட்டது. வழக்கு சர்வதேச நடுவர் தீர்ப்பாயத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே இவ்வளவும் நடந்தது. மொத்தம் சுமார் 7,900 கோடி ரூபாய் வசூலானது.

2017இல் பழைய ஹட்சிசனுக்கும் தபால் போனது. வரி, வட்டி, அபராதம் சேர்த்து 32,320 கோடி. அதில் பாதி வட்டி. 2012இல் பிறந்த கடனுக்கு 2007இலிருந்து வட்டி.

ஹேக், நியூயார்க், பாரிஸ்

இரு நிறுவனங்களும் இந்திய நீதிமன்றங்களைத் தாண்டி, இந்தியா பிற நாடுகளோடு செய்திருந்த இருதரப்பு முதலீட்டு ஒப்பந்தங்களைப் பிடித்துக்கொண்டன. நெதர்லாந்து ஒப்பந்தம் வோடஃபோனுக்கு, பிரிட்டன் ஒப்பந்தம் கெய்ர்னுக்கு. உங்கள் நாட்டு முதலீட்டாளரை நேர்மையாகவும் நியாயமாகவும் நடத்துவோம் என்று இந்தியாவே 1990களில் கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்கு அது. வாக்கு மீறப்பட்டால் சர்வதேச நடுவர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.

2020 செப்டம்பர் 25 அன்று வோடஃபோன் வழக்கில் தீர்ப்பு வந்தது. இந்தியா வாக்கு மீறியது என்று மூன்று நடுவர்களும் ஒருமனதாகச் சொன்னார்கள். இந்தியா நியமித்த நடுவரும் அவர்களில் ஒருவர். டிசம்பர் 21 அன்று கெய்ர்ன் வழக்கிலும் அதே முடிவு. இதில் இந்தியா 120 கோடி டாலரும் வட்டியும் செலவும் தர வேண்டும். வரி விதிப்பது இறையாண்மை, அது நடுவர் தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் வராது என்ற இந்தியாவின் வாதம் எடுபடவில்லை. இரண்டு தீர்ப்புகளையும் எதிர்த்து இந்தியா மேலே போனது. வோடஃபோனுக்கு எதிராகச் சிங்கப்பூரிலும், கெய்ர்னுக்கு எதிராக ஹேக்கிலும்.

கெய்ர்ன் காத்திருக்கவில்லை. தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு இந்திய அரசின் சொத்து எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடத் தொடங்கியது. 2021 மே மாதம் நியூயார்க்கில் ஏர் இந்தியா மீது வழக்குப் போட்டது: ஏர் இந்தியாவும் இந்திய அரசும் ஒன்றே, அரசின் கடனுக்கு இதன் விமானம் பொறுப்பு. அந்த நேரத்தில் அரசு ஏர் இந்தியாவை விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. ஜூலையில் செய்தி வந்தது: பாரிஸ் நகரில் இந்திய அரசுக்குச் சொந்தமான சுமார் 20 சொத்துகளை, பெரும்பாலும் அடுக்ககக் குடியிருப்புகளை, பிரெஞ்சு நீதிமன்ற ஆணைப்படி கெய்ர்ன் முடக்கிவிட்டது. மதிப்பு 2 கோடி யூரோவுக்கு மேல். அந்தத் தொகை கடனில் ஒரு துளி. ஆனால் ஊரில் பெரிய வீட்டுக்காரர் வாசலில் அமீனா வந்து நின்றால் கடன் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை, நின்றதைத்தான் பேசுவார்கள்.

ஆகஸ்ட் 5 அன்று நிர்மலா சீதாராமன் மக்களவையில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். 2012 மே 28க்கு முன் நடந்த மறைமுகப் பரிமாற்றங்களுக்கு அந்த வரி பொருந்தாது, வசூலித்தது திருப்பித் தரப்படும், வழக்குகளையெல்லாம் விலக்கிக்கொள்ள வேண்டும், வட்டி கிடையாது. மறுநாள் மக்களவை, ஆகஸ்ட் 9 அன்று மாநிலங்களவை, 13ஆம் தேதி ஒப்புதல். ஒன்பது ஆண்டுகளாக எந்த நிதியமைச்சராலும் முடியாமலிருந்தது எட்டே நாளில் முடிந்தது. 17 வழக்குகளில் வரி கேட்கப்பட்டிருந்தது. நான்கில்தான் பணம் வந்திருந்தது. மொத்தம் சுமார் 8,100 கோடி, அதில் 7,900 கோடி கெய்ர்னுடையது. இத்தனை அமளியின் வரவு அவ்வளவே, அதையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. 2022 பிப்ரவரியில் சுமார் 106 கோடி டாலர் கெய்ர்னுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் அது பெயரையே கேப்ரிகார்ன் எனர்ஜி என்று மாற்றிக்கொண்டிருந்தது.

புள்ளிவிவரம் என்ன சொல்கிறது?

இங்கேதான் பலரோடு எனக்கு உடன்பாடில்லை. இந்த வரியால் இந்தியாவுக்கு முதலீடு வராமல் போயிற்று என்று மேடைகளில் சொல்வார்கள். கணக்கைப் பார்ப்போம். 2011-12இல் வந்த அந்நிய நேரடி முதலீடு சுமார் 4,660 கோடி டாலர். 2012-13இல் அது 3,430 கோடிக்கு விழுந்தது. நான்கில் ஒரு பங்குக்கும் மேல். குற்றவாளியைப் பிடித்துவிட்டோம் என்று தோன்றும். ஆனால் அதே 2012 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம் 122 அலைக்கற்றை உரிமங்களை ரத்து செய்தது. ஐரோப்பா கடன் நெருக்கடியில் தத்தளித்தது. உள்நாட்டில் வளர்ச்சி சரிந்தது. இந்த வீழ்ச்சியில் எத்தனை பங்கு முகர்ஜியின் பட்ஜெட்டுக்கு என்று பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது. மேலும், 2014-15இல் முதலீடு சுமார் 4,500 கோடிக்கு மீண்டுவிட்டது. 2020-21இல் ஏறக்குறைய 8,200 கோடி. அந்த ஆண்டில்தான் இந்தியா இரண்டு வழக்கிலும் நடுவர் தீர்ப்பாயத்தில் தோற்றது.

சீனாவும் இதையே செய்தது. வெளிநாட்டுக் கம்பெனி வழியே சீனச் சொத்தை மறைமுகமாக விற்றால் வரி என்று 2009 டிசம்பரில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டு, 2008 ஜனவரி முதல் அது செல்லும் என்றது. சீனாவுக்குப் பணம் போவது நிற்கவில்லை. சந்தை பெரிதாக இருந்தால் முதலீட்டாளர் முகம் சுளித்துக்கொண்டே வருவார். சட்டத்தின் ஆட்சி இருந்தால் வளம், இல்லாவிட்டால் வறுமை என்ற எளிய சூத்திரம் இந்த வழக்கில் தேறாது.

சர்வதேசத் தரவரிசைகளும் அதிகம் உதவுவதில்லை. தொழில் செய்ய எளிதான நாடுகள் என்ற உலக வங்கியின் 2020ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்தியா 63ஆவது இடத்துக்கு ஏறியது. அதே பட்டியலில் ஒப்பந்தங்களை நிறைவேற்றுவதில் 190 நாடுகளில் 163ஆவது இடம், ஒரு சாதாரண வணிக வழக்கு முடிய 1,445 நாள். அடுத்த ஆண்டே, தரவுகளில் முறைகேடு நடந்ததாகக் கண்டறியப்பட்டு அந்தப் பட்டியலே கைவிடப்பட்டது. மற்றவர்களின் ஒழுங்கை அளந்த அளவுகோலிலேயே ஒழுங்கில்லை.

அப்படியானால் சேதம் எங்கே? வராமல் போன முதலீட்டை விட்டுவிட்டு, வந்த முதலீட்டின் விலையைப் பார்க்க வேண்டும். இதற்குப் பழைய ஒரு கதை உண்டு. 1672இல் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னர் கருவூலத்திலிருந்து கடனைத் திருப்பித் தருவதை நிறுத்தினார். கேட்க யாரும் இல்லை, மன்னரே சட்டம். அதன்பின் மன்னருக்குக் கடன் கிடைக்காமல் இல்லை, கிடைத்தது, விலைதான் கூடியது. 1688 புரட்சிக்குப் பின் மன்னரின் கை நாடாளுமன்றத்தால் கட்டப்பட்டது. 1694இல் இங்கிலாந்து வங்கி அரசுக்குத் தந்த முதல் கடனுக்கு 8 விழுக்காடு வட்டி. 1730களில் அந்த அரசு 3 விழுக்காட்டில் கடன் வாங்கியது. கை கட்டப்பட்டவனுக்குத்தான் மலிவாகக் கடன் கிடைக்கும் என்பதை டக்ளஸ் நார்த் போன்ற பொருளாதார வரலாற்றாசிரியர்கள் இந்தக் கதையைக் கொண்டுதான் விளக்கினார்கள். வழக்கில் தோற்கத் தெரிந்த அரசை நம்பித்தான் வட்டி குறைகிறது.

நமக்கு ஏற்பட்ட சேதமும் அப்படி விலையில்தான் ஒளிந்திருந்தது. 2012க்குப் பின் நான் பார்த்த நிறுவன விற்பனை ஒப்பந்தங்களில் வரிப் பொறுப்புறுதி (பழைய வரி கேட்டு வந்தால் விற்றவரே பொறுப்பு என்ற உறுதி) என்ற பகுதி மட்டும் பக்கம் பக்கமாக வளர்ந்தது. எஸ்க்ரோவில் நிற்கும் பங்கு கூடியது. எதற்கும் காப்பீடு எடுக்கலாம் என்று ஒரு புது வணிகமே கிளம்பியது. முந்தைய ஆண்டுகளின் கணக்கைத் தோண்டிப் பார்க்கும் வேலை எங்களைப் போன்றவர்களுக்கு ஏராளமாக வந்தது; கட்டணம் வாங்கிக்கொண்டேன், மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டணத்தால் நாட்டில் ஒரு பம்ப்கூடக் கூடுதலாக வார்க்கப்படவில்லை. இந்தச் செலவு எந்த முதலீட்டு வரைபடத்திலும் வராது. விற்பவர் கொஞ்சம் குறைவாக வாங்குகிறார், வாங்குபவர் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்கிறார், இடையில் சில கோடிகள் வங்கியில் தூங்குகின்றன. புள்ளிவிவரத்தில் எல்லாம் நலம்.

மற்றொரு சேதமும் உண்டு, அது இன்னும் தொடர்கிறது. நடுவர் தீர்ப்பாயங்களில் வழக்குகள் குவிவதைக் கண்ட அரசு, 2015 இறுதியில் புதிய மாதிரி முதலீட்டு ஒப்பந்தம் ஒன்றை வகுத்து, அதன்பின் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளோடு இருந்த பழைய ஒப்பந்தங்களை முடித்துக்கொள்வதாக நோட்டீஸ் கொடுத்தது. நெதர்லாந்து ஒப்பந்தமும் பிரிட்டன் ஒப்பந்தமும் அவற்றில் அடக்கம். புதிய மாதிரியில் வரி விவகாரம் நடுவர்களிடம் போகவே முடியாது. மற்றவற்றுக்கும் இந்திய நீதிமன்றங்களில் ஐந்து ஆண்டுகள் முயன்ற பிறகுதான் போகலாம். கயிறு கையை அறுத்ததும் அடுத்த முறை கையை அடக்குவோம் என்று நினைக்கவில்லை, கயிற்றை அறுத்துவிட்டார்கள்.

இதில் வோடஃபோனின் பிற்காலம் தனி வேடிக்கை. ஐடியாவுடன் இணைந்து, 2019 அக்டோபரில் உரிமக் கட்டணக் கணக்கு பற்றிய வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் தோற்று, கட்ட முடியாத பாக்கியைப் பங்காக மாற்றிக் கொடுத்து, 2025இல் அந்த நிறுவனத்தின் ஏறக்குறைய 49 விழுக்காட்டுப் பங்கு இந்திய அரசின் கைக்கு வந்துவிட்டது. யாரிடம் வரி கேட்டுப் பதினான்கு ஆண்டுகள் துரத்தினார்களோ, அந்தப் பெயரைத் தாங்கிய கம்பெனிக்கு இன்று அரசுதான் மிகப் பெரிய பங்குதாரர்.

கோவைப் பெரியவரின் எஸ்க்ரோ 2020 ஆவணியில் விடுபட்டது. ஒரு ரூபாய் வரியும் எவரும் கேட்டு வரவில்லை. வங்கி கொடுத்த வட்டியோடு பணத்தைப் பெற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு புதிய சட்டம் வந்தபோது தொலைபேசியில் அழைத்து, கெய்ர்னுக்கு வட்டி இல்லையாமே என்று கேட்டார். இல்லை என்றேன். நாம் வரி கட்டத் தாமதித்தால் மாதம் 1 விழுக்காடு வட்டி, அரசு நமக்குத் திருப்பித் தரத் தாமதித்தால் மாதம் அரை விழுக்காடு, இந்த விவகாரத்தில் அந்த அரையும் கிடையாது என்று விளக்கினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரிங்க” என்றார்.

பேசி முடித்த பிறகு 1961ஆம் ஆண்டுச் சட்டப் புத்தகத்தை எடுத்து 9ஆம் பிரிவைப் புரட்டினேன். 2012இல் சேர்த்த விளக்கங்களை 2021 சட்டம் நீக்கவில்லை. கீழே விதிவிலக்கை மட்டும் ஒட்டியிருந்தது. ‘எப்போதுமே உள்ளடக்கி வந்ததாகக் கருதப்படும்’ என்ற சொற்கள் அந்தப் பக்கத்தில் அப்படியே இருந்தன.